சர்வர் எழுந்ததும் காணாமல் போகும் கோப்புறைகள்: டிஎம்பிஃபைல்ஸ் அமைப்பைச் சரியாக எழுதுவது எப்படி?

அரவைப் பருவத்தில் நள்ளிரவு 1 மணிக்கு எடைமேடை நின்றுபோனால் என்ன ஆகும் என்று சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வாசலைத் தாண்டிச் சாலை வரைக்கும் வரிசைகட்டி நிற்கும். வெட்டிய கரும்பு காயக் காய எடையும் குறையும், சாற்றில் சர்க்கரையும் குறையும். அந்த நட்டம் கரும்பு போட்டவர் தலையில்தான் விடியும்.

நான் பராமரிக்கும் லினக்ஸ் சர்வர்களில் ஒன்று அப்படியொரு எடைமேடையில் இருக்கிறது. யுபிஎஸ் பேட்டரி மாற்றுவதற்காக அன்றிரவு அதை முறைப்படி நிறுத்தி, அரை மணி நேரம் கழித்து இயக்கினார்கள். சர்வர் எழுந்தது, எடை நிரல் எழவில்லை. “அக்கா, திரையில் எடையே வரவில்லை. வெளியே முப்பது வண்டி நிற்கிறது” என்று எழுத்தர் தம்பி தொலைபேசியில் அழைத்தார்.

பதிவைத் திறந்து பார்த்தேன். /ரன்/எடை என்ற கோப்புறைக்குள் சாக்கெட் (நிரல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வாயில்) ஒன்றை உருவாக்க நிரல் முயன்றிருக்கிறது, அப்படி ஒரு கோப்புறையே இல்லை என்று இயங்குதளம் மறுத்திருக்கிறது. நிரலை நிறுவிய நாளில் அந்தக் கோப்புறையைக் கையால் உருவாக்கியவள் நான்தான். அதற்குப் பிறகு ஏழு மாதம் சர்வர் ஒருமுறைகூட மறுதொடக்கம் ஆகவில்லை என்பதால் குறை வெளியே தெரியவில்லை. வீட்டிலிருந்தே உள்நுழைந்து, கோப்புறையை உருவாக்கி, உரிமையாளரை மாற்றி, சேவையைத் தொடங்கினேன். இரண்டு கட்டளைகள், இரண்டு நிமிடம். அந்த இரண்டு கட்டளைகளையும் அடுத்த முறை சர்வரே போட்டுக்கொள்ள எங்கே, எப்படி எழுதிவைப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

படிக்கத் தொடங்கும் முன் ஒரு குறிப்பு. கட்டளைகளையும் பாதைகளையும் ஒலிக்கிறபடி தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். விசைப்பலகையில் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள். ‘டிஎம்பி’ என்று வரும் இடமெல்லாம் டி, எம், பி என்ற மூன்று எழுத்துகள்தான். ‘டெம்ப்’ என்று வாயால் சொல்வதை அப்படியே நான்கு எழுத்தாகத் தட்டிவிட்டு, கோப்பு ஏன் வேலை செய்யவில்லை என்று தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

/ரன் ஏன் ஒவ்வொரு முறையும் காலியாகிறது

/ரன் என்பது வட்டில் இல்லை. அது நினைவகத்தில் ஏற்றப்படும் கோப்பு முறைமை. மின்சாரம் போனால் அதில் உள்ளதும் போகும், சர்வர் எழும்போது காலியாகவே பிறக்கும். இது குறையல்ல, வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. உங்கள் நிரல் தன் செயல்முறை எண்ணை ஒரு கோப்பில் எழுதிவைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், எண் 812. சர்வர் மறுதொடக்கம் ஆன பிறகு அதே 812 வேறொரு நிரலுக்குப் போயிருக்கலாம். பழைய கோப்பு வட்டிலேயே தங்கியிருந்தால், அதை நம்பி நிறுத்தப் போகிற ஸ்கிரிப்ட் சம்பந்தமில்லாத நிரலைக் கொன்றுவிடும். போன இயக்கத்தின் செய்தி இந்த இயக்கத்துக்கு வரக்கூடாது, அதற்குத்தான் /ரன்.

முன்பு இந்த வேலையை /வார்/ரன் செய்தது. ஆனால் /வார் தனிப் பகிர்வில் இருந்தால் அது தாமதமாகத்தான் ஏறும். அதற்கு முன்பே எழுந்துவிடும் நிரல்கள் இடமில்லாமல் /டெவ் கோப்புறைக்குள் புள்ளியில் தொடங்கும் மறைவுப் பெயர்களில் தங்கள் கோப்புகளை வைத்துக்கொண்டன. 2011இல் ஃபெடோரா, டெபியன், ஓப்பன்சூசே, உபுண்டு ஆகிய முக்கிய வெளியீடுகள் /ரன் என்ற ஒரே இடத்துக்கு ஒத்துக்கொண்டன. 2015இல் வந்த கோப்பு முறைமைப் படிநிலைத் தரத்தின் 3.0 பதிப்பிலும் அது சேர்ந்துவிட்டது. இன்று /வார்/ரன் என்பது /ரன்னைக் காட்டும் இணைப்பு மட்டுமே.

ஒரே ஒரு வரி

சிஸ்டம்டி என்பது லினக்ஸ் எழும்போது சேவைகளைத் தொடங்கிப் பார்த்துக்கொள்ளும் நிரல். அது ஓடும் சர்வரில் இந்த வேலைக்கென்றே சிஸ்டம்டி-டிஎம்பிஃபைல்ஸ் என்ற கருவி இருக்கிறது. எந்தக் கோப்புறை, யாருக்குச் சொந்தம், என்ன அனுமதி என்று ஒரு வரியில் எழுதிவைத்தால் போதும். சர்வர் எழும்போதெல்லாம் அது உருவாக்கிக் கொடுத்துவிடும். பழைய வழக்கப்படி ஆர்சி.லோக்கல் கோப்பில் கட்டளைகளை எழுதிவைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதில் எது முந்தும், எது பிந்தும் என்பதற்கு உறுதியில்லை. உங்கள் சேவை அதற்கு முன்பே எழுந்து விழுந்துவிடக்கூடும்.

/இடிசி/டிஎம்பிஃபைல்ஸ்.டி என்ற கோப்புறைக்குள் எடை.கான்ஃப் என்று ஒரு கோப்பைத் திறந்து, இப்படி ஒரு வரி எழுதினேன்:

டி  /ரன்/எடை  2770  எடை  மேடை  -  -

ஏழு நெடுவரிசைகள்: வகை, பாதை, அனுமதி, பயனர், குழு, வயது, கூடுதல் மதிப்பு. தேவையில்லாத இடத்தில் ஒரு சிறு கோடு போட்டுவிடலாம், கடைசியில் வருகிறவற்றை விட்டேவிடலாம். நெடுவரிசைகளுக்கு நடுவே எத்தனை இடைவெளி விட்டாலும் சரி.

முதல் நெடுவரிசையில் இருப்பது சின்ன டி, ‘டைரக்டரி’ என்பதன் முதல் எழுத்து. கோப்புறை இல்லையென்றால் உருவாக்கு, இருந்தால் உரிமையாளரையும் அனுமதியையும் சரிசெய் என்று பொருள். பெரிய டி வேறு சாதி, அதற்குப் பிறகு வருகிறேன்.

மூன்றாவதாக உள்ள 2770இல்தான் நான் முதல் முறை தவறினேன். எங்கள் எடைமேடையில் இரண்டு நிரல்கள். ஒன்று மேடையின் எடைகாட்டியிலிருந்து தொடர்முனை வழியாக எண்ணைப் படித்து சாக்கெட்டில் தருவது, அது ‘எடை’ என்ற பயனராக ஓடுகிறது. இன்னொன்று சீட்டு அடிக்கும் நிரல், அது ‘பில்’ என்ற பயனராக ஓடுகிறது. இருவரும் ‘மேடை’ என்ற குழுவில் இருக்கிறார்கள். 0770 (உரிமையாளருக்கும் குழுவுக்கும் முழு அனுமதி, மற்றவர்களுக்கு எதுவும் இல்லை) என்று மட்டும் எழுதியபோது, ‘எடை’ உருவாக்கிய சாக்கெட் அந்தப் பயனரின் சொந்தக் குழுவுக்குப் போனது. சீட்டு நிரல் கதவு வரை வந்து திரும்பியது. முன்னால் உள்ள அந்த 2 இருந்தால், கோப்புறைக்குள் பிறக்கும் எதுவும் கோப்புறையின் குழுவையே எடுத்துக்கொள்ளும்.

அது மட்டும் போதவில்லை. யுனிக்ஸ் சாக்கெட்டில் இணைய வேண்டுமானால் அதில் எழுதும் அனுமதி வேண்டும். புதிதாகப் பிறக்கும் கோப்பில் எந்த அனுமதிகளைப் பறிப்பது என்று சொல்வது முகமூடி. சிஸ்டம்டி சேவைகளுக்கு இயல்பாக உள்ள முகமூடி 0022, அது குழுவின் எழுதும் அனுமதியைப் பறித்துவிடும். ஆகவே எடைச் சேவையை எப்படி ஓட்டுவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் யூனிட் கோப்பில் சர்வீஸ் பகுதிக்குக் கீழே யூமாஸ்க்=0007 என்ற வரியைச் சேர்த்தேன். கோப்புறை சரியாக இருந்தும் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று வந்தால், நீங்கள் பார்க்க வேண்டிய முதல் இடம் இதுதான்.

எழுதி முடித்ததும் மறுதொடக்கம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்:

சிஸ்டம்டி-டிஎம்பிஃபைல்ஸ் --கிரியேட் எடை.கான்ஃப்

கோப்பின் பெயரைக் கொடுத்தால் அந்த ஒரு கோப்பில் உள்ளதை மட்டும் செய்யும். பெயர் இல்லாமல் ஓட்டினால் சர்வரில் உள்ள எல்லா டிஎம்பிஃபைல்ஸ் கோப்புகளையும் படித்துச் செயல்படும். அதில் பெரிய கெடுதல் வராது என்றாலும், பழக்கம் என்று ஒன்று வேண்டும். நான் எப்போதும் பெயரோடுதான் ஓட்டுகிறேன். --பிரிஃபிக்ஸ்=/ரன்/எடை என்று பாதையைக் கொடுத்தும் வேலையை ஒரே இடத்துக்குள் கட்டுப்படுத்தலாம்.

பூட் ஆகும்போது எப்போது நடக்கிறது

இதைத் தெரிந்துகொண்டால் பாதி சிக்கல்கள் வராமலே தடுக்கலாம். உள்ளூர் வட்டுகள் எல்லாம் ஏறியதைக் குறிக்கும் நிலைக்கு லோக்கல்-எஃப்எஸ்.டார்கெட் என்று பெயர். அதற்குப் பிறகு சிஸ்டம்டி-டிஎம்பிஃபைல்ஸ்-செட்டப்.சர்வீஸ் ஓடும். அது முடிந்த பிறகுதான் சிஸ்இனிட்.டார்கெட் என்ற அடுத்த நிலை நிறைவேறும். சாதாரணச் சேவைகள் எல்லாமே சிஸ்இனிட்டுக்குப் பிறகு தொடங்குபவை. ஆகவே உங்கள் யூனிட் கோப்பில் ‘இதற்குப் பிறகு தொடங்கு’ என்று தனியாக எதுவும் எழுத வேண்டியதில்லை. டீஃபால்ட்டிபெண்டன்சீஸ்=நோ என்று எழுதிய சேவைகளுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அவற்றில் ஆஃப்டர்= வரியை நீங்களே எழுத வேண்டும்.

இந்த வரிசையிலிருந்து இரண்டு எச்சரிக்கைகள் பிறக்கின்றன. ஒன்று, வலையமைப்பு வழியாக ஏறும் வட்டுகள் அந்த நேரத்தில் ஏறியிருக்காது. அப்படிப்பட்ட வட்டில் ஒரு கோப்புறையை உருவாக்கச் சொல்லி எழுதினால், ஏற்றும் புள்ளிக்கு அடியில், உள்ளூர் வட்டில் அது உருவாகும். பிறகு வலையமைப்பு வட்டு அதன்மேல் ஏறி மூடிவிடும். கட்டளை வெற்றி என்று பதிவு சொல்லும், கோப்புறை கண்ணுக்குத் தெரியாது. இரண்டு, பயனர் பெயரும் குழுப் பெயரும் அந்தச் சர்வரிலேயே இருக்க வேண்டும். வலையமைப்பில் உள்ள பயனர் பட்டியலை நம்பினால், அந்த நேரத்தில் கேட்டுப் பதில் வாங்க வழியில்லாமல் ‘அறியாத பயனர்’ என்று வரி தள்ளுபடியாகும்.

ரன்டைம்டைரக்டரி போதாதா?

பல நேரம் போதும், அதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. கோப்புறை ஒரே ஒரு சேவைக்கு மட்டும் சொந்தம் என்றால், யூனிட் கோப்பில் ரன்டைம்டைரக்டரி=எடை என்று ஒரு வரி எழுதுங்கள். சேவை தொடங்கும்போது /ரன்/எடை உருவாகும், யூசர்= வரியில் உள்ளவருக்குச் சொந்தமாகும், சேவை நின்றதும் அழிந்துபோகும். தனிக் கோப்பு வேண்டாம், மறக்கவும் முடியாது. புதிதாக ஒரு சேவை எழுதுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எங்கள் நிலைமைக்கு அது ஒத்துவரவில்லை. எடைச் சேவையை நிறுத்தித் தொடங்கும் ஒவ்வொரு முறையும் கோப்புறை அழிந்து, சீட்டு நிரல் அதே இடத்தில் வைத்திருந்த வரிசை எண் கோப்பும் சேர்ந்து போனது. ரன்டைம்டைரக்டரிபிரிசர்வ்= என்று அதையும் தடுக்க வழி இருக்கிறது. ஆனால் இரண்டு நிரல்கள் பகிரும் இடத்துக்கு ஒரு நிரலை மட்டும் உரிமையாளராக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. பொதுக் கிணற்றை ஒரு வீட்டுப் பட்டாவில் எழுதியதுபோல் அது. பகிர்வது என்றால் டிஎம்பிஃபைல்ஸ், தனியென்றால் ரன்டைம்டைரக்டரி. இந்தக் கணக்கில் நான் இதுவரை வருந்தியதில்லை.

பூட் ஆகும்போது மட்டும் செய்ய வேண்டியவை

எங்கள் சீட்டு நிரல் பழையது. தன் பூட்டுக் கோப்பை /ரன்னில் வைக்காமல் /வார்/லிப்/சீட்டு என்ற இடத்தில் வட்டிலேயே வைக்கிறது. மின்சாரம் திடீரென்று போனால் பூட்டு அப்படியே கிடக்கும். அடுத்த முறை எழுந்ததும் ‘ஏற்கெனவே ஓடுகிறது’ என்று அடம்பிடிக்கும். நிரலை மாற்றி எழுத அனுமதி இல்லை. அதற்கு இந்த வரி:

ஆர்!  /வார்/லிப்/சீட்டு/சீட்டு.லாக்

சின்ன ஆர் என்றால் இந்தக் கோப்பை நீக்கு. ஒட்டியுள்ள வியப்புக்குறி முக்கியம். அது இருந்தால் --பூட் என்ற விருப்பத்தோடு ஓடும்போது மட்டும், அதாவது சர்வர் எழும்போது மட்டும், வரி செயல்படும். வியப்புக்குறியை விட்டுவிட்டால், பகலில் யாராவது --ரிமூவ் என்று ஓட்டும்போது, ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் பூட்டு நீங்கிவிடும். இரண்டாவது சீட்டு நிரல் எழுந்து ஒரே வண்டிக்கு இரண்டு எண் போடும். வரைகலைத் திரைக்கான எக்ஸ்11.கான்ஃப் கோப்பைத் திறந்து பாருங்கள். /டிஎம்பியில் எஞ்சிய பழைய பூட்டுகளை நீக்க அதை எழுதியவர்களும் இதே வியப்புக்குறியைத்தான் வைத்திருக்கிறார்கள்.

வேறு சில வகைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். சின்ன எஃப், கோப்பு இல்லாவிட்டால் உருவாக்கும். பெரிய எல், இணைப்பு போடும். சின்ன பி, குழாய்க் கோப்பு. டபிள்யூ, ஏற்கெனவே உள்ள கோப்பில் ஒரு மதிப்பை எழுதும். கர்னல் அமைப்புகளுக்காக /சிஸ் கோப்புறைக்குள் உள்ள கோப்புகளில் எழுத இது நல்ல வழி. இசட், உள்ளதன் உரிமையை மட்டும் மாற்றும். பெரிய இசட் உள்ளே புகுந்து எல்லாவற்றையும் மாற்றும், அதை யோசித்துப் பயன்படுத்துங்கள்.

துப்புரவு என்ற மறுபக்கம்

ஆறாவது நெடுவரிசையான வயதைப் பற்றி இன்னும் பேசவில்லை. இந்தக் கருவி உருவாக்க மட்டுமல்ல, பழையதை அழிக்கவும் செய்யும். சர்வர் எழுந்து 15 நிமிடத்தில் ஒருமுறை, அதன்பின் நாளுக்கு ஒருமுறை என்று சிஸ்டம்டி-டிஎம்பிஃபைல்ஸ்-கிளீன்.டைமர் அதை ஓட்டும். சிஸ்டம்டியோடு வரும் இயல்பு அமைப்பில் /டிஎம்பிக்கு 10 நாள், /வார்/டிஎம்பிக்கு 30 நாள். டெபியன் நெடுங்காலம் /வார்/டிஎம்பியைத் தொடவே இல்லை, பூட் ஆகும்போது /டிஎம்பியை மட்டும் காலி செய்தது. 2025இல் வந்த டெபியன் 13இல் புதிதாக நிறுவினால் /டிஎம்பி நினைவகத்துக்குப் போய்விடுகிறது. 10 நாள், 30 நாள் கணக்கும் அமலுக்கு வருகிறது.

இந்த மாற்றம் எங்களைச் சுட்டது. சீட்டு நிரல், பணம் கொடுக்கும் பட்டியல்களை /வார்/டிஎம்பிக்குள் எழுதிவந்தது. ‘டிஎம்பி’ என்ற பெயர் உள்ள இடத்தில் யாரும் முக்கியமானதை வைக்கக்கூடாது என்பது தெரிந்ததுதான். ஆனால் அது எட்டு ஆண்டாக அழியாமல் இருந்த இடம். புதிய சர்வருக்கு மாறி இரண்டாவது மாதம், விவசாயி ஒருவர் பழைய சுற்றுக்கு எடை குறைத்துப் போட்டதாகக் கேட்டு வந்தபோது கணக்குப் பிரிவில் அந்தப் பட்டியல் இல்லை. தரவுத்தளத்திலிருந்து மீண்டும் எடுத்துக் கொடுத்தோம். அவர் கையில் சீட்டோடு ஒரு மணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அன்றே பட்டியல்களை /வார்/லிப்/பட்டியல் என்ற சொந்த இடத்துக்கு மாற்றி, இப்படி எழுதினேன்:

இ  /வார்/லிப்/பட்டியல்  -  -  -  400டி

சின்ன இ, ஏற்கெனவே இருக்கும் கோப்புறையைச் சுத்தம் செய்வதற்கானது, இல்லாததை உருவாக்காது. ஒரு பருவமும் அடுத்த பருவத்தின் தொடக்கமும் அடங்க 400 நாள். அலகு விஷயத்தில் விழிப்பாக இருங்கள். டி நாள், டபிள்யூ வாரம், எச் மணி, எம் நிமிடம். ஆம், சின்ன எம் என்றால் மாதம் அல்ல. ஒரு மாதம் என்று நினைத்து 1எம் எழுதினால், ஒரு நிமிடத்துக்கு மேல் தொடாத எல்லாம் அடுத்த துப்புரவில் போய்விடும். வெறும் 0 போட்டால் வயதே பார்க்காமல் ஒவ்வொரு முறையும் அழிக்கும். சிறு கோடு போட்டால் அழிக்கவே அழிக்காது.

வயதைக் கணக்கிடும்போது கடைசியாக மாற்றிய நேரம், கடைசியாகப் படித்த நேரம், கோப்பின் நிலை மாறிய நேரம் எல்லாவற்றையும் பார்க்கும். இவற்றில் ஒன்று புதிதாக இருந்தாலும் கோப்பு தப்பிவிடும். இதனால் வேறொரு வேடிக்கை நடக்கிறது. தினமும் எல்லாக் கோப்பையும் படிக்கும் காப்பு நிரல் ஓடினால், படித்த நேரம் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும், எதுவும் முதுமையடையாது. வட்டு நிரம்பிய பிறகுதான் தெரியும். சிஸ்டம்டி 250 முதல் இதற்குத் தீர்வு உண்டு. வயதுக்கு முன்னால் சின்ன எம் போட்டு முக்காற்புள்ளி வையுங்கள், எம்:400டி என்று. மாற்றிய நேரத்தை மட்டும் பார்க்கச் சொல்கிறீர்கள் என்று பொருள்.

சில கோப்புகளை மட்டும் துப்புரவிலிருந்து காக்க வேண்டுமானால் சின்ன எக்ஸ் வகையில் அந்தப் பாதையை எழுதுங்கள், உள்ளே இருப்பதோடு சேர்த்து விட்டுவிடும். பெரிய எக்ஸ், அந்தப் பாதையை மட்டும் காக்கும், உள்ளே இருப்பதை அல்ல. என்ன அழியப்போகிறது என்று அழியும் முன் பார்க்க, சிஸ்டம்டி 256 முதல் --டிரை-ரன் என்ற விருப்பம் இருக்கிறது. புதிய துப்புரவு வரி எதையும் இதை ஓட்டிப் பார்க்காமல் நான் விடுவதில்லை.

எது யாரை மிஞ்சும்

மூன்று இடங்களில் இந்தக் கோப்புகள் இருக்கும். மென்பொருள் தொகுப்புகள் வைப்பது /யூஎஸ்ஆர்/லிப்/டிஎம்பிஃபைல்ஸ்.டி. நிர்வாகியான உங்களுக்கு /இடிசி/டிஎம்பிஃபைல்ஸ்.டி. ஓடும்போது தற்காலிகமாக வைப்பதற்கு /ரன்/டிஎம்பிஃபைல்ஸ்.டி. /யூஎஸ்ஆர்/லிப் பக்கம் கை வைக்காதீர்கள், அடுத்த மேம்படுத்தலில் உங்கள் திருத்தம் அழிந்துவிடும்.

ஒரே பெயரில் /இடிசியிலும் ஒரு கோப்பு இருந்தால், மற்றது முழுவதுமாக ஒதுக்கப்படும். இரண்டும் கலக்காது. டிஎம்பி.கான்ஃபில் ஒரே ஒரு வரியை மாற்ற வேண்டும் என்றாலும் முழுக் கோப்பையும் /இடிசிக்கு நகலெடுத்து, அதில் திருத்துங்கள். அந்த ஒரு வரியை மட்டும் எழுதினால் மற்ற வரிகள் இல்லாமலே போகும். ஒரு தொகுப்பின் கோப்பு வேண்டவே வேண்டாம் என்றால், அதே பெயரில் /டெவ்/நல்லுக்கு ஓர் இணைப்பை /இடிசிப் பக்கம் போட்டுவிடுங்கள். வெவ்வேறு பெயருள்ள இரண்டு கோப்புகள் ஒரே பாதைக்கு வரி எழுதியிருந்தால், பெயர் அகரவரிசையில் முந்தியதுதான் செல்லும். எல்லாவற்றையும் சேர்த்து எந்த வரி எங்கிருந்து வருகிறது என்று பார்க்க --கேட்-கான்ஃபிக் என்று ஓட்டுங்கள். புதிய சர்வரை யாராவது என் கையில் கொடுத்தால் நான் முதலில் படிக்கிற சிலவற்றில் இதுவும் ஒன்று.

பெரிய டியும் பர்ஜும்

பெரிய டி கோப்புறையை உருவாக்கும், ஆனால் --ரிமூவ் ஓடும்போது உள்ளே இருப்பதையெல்லாம் நீக்கும். பூட் ஆகும்போது ஓடும் செட்டப் சேவை --கிரியேட், --ரிமூவ், --பூட் மூன்றையும் சேர்த்தே ஓட்டுகிறது. ஆகவே சின்ன டி எழுத வேண்டிய இடத்தில் ஷிஃப்ட் விசை தவறிப் பெரிய டி விழுந்தால், ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் அந்த இடம் காலி. /ரன்னில் அது வித்தியாசம் தராது, /வார்/லிப்பில் தரும். எழுதிய வரியைச் சேமிக்கும் முன் முதல் எழுத்தை விரல் வைத்துப் பாருங்கள்.

2024 ஜூனில் வந்த சிஸ்டம்டி 256இல் --பர்ஜ் என்ற விருப்பம் சேர்ந்தது. டிஎம்பிஃபைல்ஸ் வரிகளால் உருவானவற்றை அழிப்பது அப்போது அதன் வேலையாக இருந்தது. கருவியின் பெயரில் ‘டிஎம்பி’ இருப்பதால் தற்காலிகக் கோப்புகள்தானே அழியும் என்று நம்பி அதைத் தனியாக ஓட்டியவர், பயனர்களின் சொந்தக் கோப்புகள் இருக்கும் தம் /ஹோம் முழுவதையும் இழந்தார். ஏனென்றால் சிஸ்டம்டியோடு வரும் ஹோம்.கான்ஃபில் /ஹோமை உருவாக்கும் வரியும் இருக்கிறது. 256.1இல், எந்தக் கோப்பு என்று பெயர் குறிப்பிடாமல் --பர்ஜ் ஓடாதபடி மாற்றினார்கள். பெயரில் என்ன இருந்தாலும், இது தற்காலிகக் கோப்புகளுக்கு மட்டுமான கருவி அல்ல.

வழக்கமான பிழைகள்

ஜர்னல்சிடிஎல் -பி -யு சிஸ்டம்டி-டிஎம்பிஃபைல்ஸ்-செட்டப் என்று ஓட்டினால் இந்த முறை பூட் ஆனபோது என்ன நடந்தது என்று தெரியும்.

‘பழைய கோப்புறையான /வார்/ரன்னுக்குக் கீழே’ என்று எச்சரித்தால், பாதையை /ரன் என்று மாற்றி எழுதுங்கள். வேலை நடக்கும் என்றாலும் பதிவில் குப்பை சேர விடாதீர்கள்.

‘பாதுகாப்பற்ற பாதைக் கடப்பு’ என்ற பிழைதான் பலரைக் குழப்புகிறது. /வார்/லிப்/பட்டியல் ‘எடை’க்குச் சொந்தம், அதற்குள் உள்ள கோப்புறை ‘பில்’லுக்குச் சொந்தம் என்று எழுதியபோது எனக்கும் இது வந்தது. காரணம் நியாயமானது. மேல் கோப்புறை ‘எடை’யின் கையில் இருந்தால், அந்தப் பயனர் உள் கோப்புறையை எடுத்துவிட்டு அதே பெயரில் /இடிசிக்கு ஓர் இணைப்பை வைத்துவிட முடியும். ரூட் (எல்லா உரிமையும் உள்ள நிர்வாகப் பயனர்) உரிமையோடு ஓடும் கருவி அதைப் பின்பற்றிப் போய் /இடிசியையே ‘பில்’லுக்குத் தூக்கிக் கொடுத்துவிடும். ஆகவே கருவி மறுக்கிறது. மேல் கோப்புறையை ரூட்டுக்குச் சொந்தமாக்குங்கள், பிழை போய்விடும்.

சிஸ்டம்டி இல்லாத அமைப்புகளில் ஏற்பாடு வேறு. ஃப்ரீபிஎஸ்டியில் /இடிசி/ஆர்சி.கான்ஃப் கோப்பில் கிளியர்_டிஎம்பி_எனேபிள் என்பதற்கு ‘யெஸ்’ கொடுத்தால் பூட் ஆகும்போது /டிஎம்பி காலியாகும்.

எடை.கான்ஃபை எழுதி முடித்த பிறகு, ஆலை துப்புரவுக்காக நிறுத்தப்பட்ட ஒரு நாளில் நானே எடைமேடைக்குப் போனேன். சர்வரை மூன்று முறை மறுதொடக்கம் செய்தோம். இரண்டு முறை முறைப்படி, ஒரு முறை மின்கம்பியைப் பிடுங்கி. ஒவ்வொரு முறையும் எல்எஸ் -எல்டி /ரன்/எடை என்று தட்டி உரிமையாளர், குழு, அனுமதி மூன்றையும் தாளில் எழுதிய வரியோடு ஒப்பிட்டோம். மூன்றாவது முறை, வெறும் டிராக்டர் ஒன்றை மேடைமேல் ஏற்றச் சொன்னார் எழுத்தர் தம்பி. திரையில் எடை வந்தது, சீட்டும் அடித்தது.